இரண்டு கல் நீளம்

பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்த
புதுவயல் நாச்சியப்பன்
ஒரு கல்யாணப் படத்தையும் கொண்டுவந்தார்.
"இந்தச் சிரிப்புதான் வேணும்.
எழுபத்து நாலுல இருந்த மாதிரி."

காரைக்குடி ஸ்டேஷன்.
மாப்பிள்ளை கழுத்தில் மாலை, வாய் நிறையப் பல்.
நான் பல்லை மட்டும் பார்த்திருக்க வேண்டும்.
கூட்டத்துக்குப் பின்னால், பாதி மறைந்து,
கறுப்பாய் ஒரு ஒய்.பி. எஞ்சின்.

பல் நான்கு நாளில் முடிந்தது.
எஞ்சினுக்கு ஏழு மாதம்.

உமையாள் கல்லூரிக்குப் போனபோது விட்டுப்போன
பிளாஸ்டிக் கட்டைகள், மூன்று பெட்டி.
போதாததைத் தபாலில் வரவழைத்தேன்.
செக்காலை வீட்டில் தரை ஆத்தங்குடிக் கல்,
ஒரு கல் எட்டு அங்குலம், அதுவே எனக்கு அளவுகோல்.
பொம்மைத் தண்டவாளத்தை வட்டமாய்ப் போட்டால்
குறுக்கே மூன்றரைக் கல்.
மீட்டர் கேஜுக்கு உண்மையாய்க் கணக்குப் போட்டால்
எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து
அதே மூன்றரைக் கல்.
உலக்கையை விழுங்கிய பாம்பு
எந்த வளைவில் திரும்பும்?

தண்டவாளம் கடையில் வாங்கியது, குறுகாது.
எஞ்சினைக் குறைத்தேன். இரண்டு கல்.
பிறகு அளந்து பார்த்தால்
அந்த மீட்டர் கேஜ் வண்டி
அகலப் பாதைமேல் நிற்கிறது.
ஊரில் பாதையை அகலமாக்கியபோது
அதை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை.
என் வீட்டுக் கூடத்தில், கணக்குப் பிசகி,
ஏறிவிட்டது.

கொதிகலன் உருண்டை, கட்டை சதுரம்.
நடுவில் ஒரு தண்டு நிறுத்தி
நான்கு பக்கமும் குமிழ்களை வெளியே பார்க்கவைத்து
வளைந்த தகடுகளை ஒவ்வொன்றாய் அப்பினேன்.
மெழுகில் ஈறு செய்கிற கைக்கு
இது புதிய பொய் அல்ல.

சக்கரம்தான் சண்டை போட்டது.
பெரிய சக்கரம் மூன்று ஜோடி.
மூன்றுக்கும் விளிம்பு இருந்தால்
வளைவில் ஒன்றையொன்று முறைத்துத் தடம் இறங்குகின்றன.
நடு ஜோடிக்கு விளிம்பில்லாத மொட்டைச் சக்கரம் போட்டேன்.
எதையும் பிடிக்காமல், எதிலும் சாயாமல்,
இரண்டு பங்காளிக்கு நடுவே மாட்டிய மாப்பிள்ளைபோல்
கூடவே சுற்றுகிறது.

சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில்
படத்தில் யாரோ ஒரு அத்தையின் பட்டுப்புடவை.
அதை வேறு படங்கள் பார்த்துக் கட்டிவிட்டேன்.
எண் பலகையில் 'ஒய்.பி.' தெரிகிறது,
அதற்குமேல் ஒரு குடை.
ஊகிக்க மனமில்லை.
வழவழப்பான நான்கு கறுப்புக் கட்டை,
வெறுமனே.

லென்ஸ் வைத்துப் பார்த்த ஒரு ராத்திரிதான்
அந்த ஆள் தெரிந்தார்.
ஓட்டுநர் அறை ஓரத்தில், தலையில் துண்டு,
கையில் கரித்தட்டு,
யார் கல்யாணமோ என்று பார்க்கிறார்.
உதடு மூடியிருக்கிறது.

பெட்டியில் பதினோரு மஞ்சள் தலை.
பதினொன்றும் சிரித்தன.
உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால்
ஒரு வாய் போய்விடும்.
எடுத்தேன், வைத்துவிட்டேன்.
முப்பது வருஷமாய் வாய் செய்கிறவர் கைக்கு
அந்த வேலை வரவில்லை.
ஒரு தலையை மாட்டி
முகத்தை அடுப்பின் பக்கம் திருப்பிவிட்டேன்.

கீழ்ச்செட்டு உறுத்துகிறது என்று
மறுபடி வந்தார் நாச்சியப்பன்.
மேஜைமேல் எஞ்சின்.
"இது அந்தப் படத்துலயா இருந்துச்சு?"
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு சுற்றிவந்தார்.
"குடையக் காணோமே. அது என் மச்சான் குடை."
பிறகு குனிந்து
ஓட்டுநர் அறைக்குள் ரொம்ப நேரம் பார்த்தார்.
"உள்ள யாரு? திரும்பவே மாட்டேங்கிறான்."

"கரி போடுறாரு" என்றேன்.

"ஓ" என்றார்,
ஏதோ தொந்தரவு செய்துவிட்டவர்போல்
ஓர் அடி தள்ளி நின்றார்.

உட்காருங்க.
வாயத் திறங்க.
எந்தப் பக்கம் உறுத்துது?